சாம்பலில் ஆறிய கத்தி

பத்தாதாவில், சன்னல்களை அடைத்துவிட்டுத்தான்
உன்னைப் பார்ப்பேன்.
வெயில் உள்ளே வந்தால் நீ பொய் சொல்வாய்.
இருட்டில்தான் உன் நிறங்களை நம்பலாம்:
காய்ந்த ரத்தம், பழுத்த மிளகாய்,
பிறகு ஆரஞ்சுச் சுளை.
சுளையைத் தாண்டி வெள்ளைக்குப் போனால்
எஃகு பொரிந்து சிதறும்,
அந்த வாரக் கூலியும் கூடவே.

இருபத்திரண்டு வருடம்.
முழங்கைவரை உன் கையெழுத்து.
இடது புருவத்தில் பாதிதான் மிச்சம்.
இரவில் கனலைச் சாம்பலால் போர்த்திவிட்டு
நான் தாமதமாக வீடு சேரும்போது
"அதோடு உனக்கு என்னதான் பேச்சு" என்பாள் பாஸ்கா.
பேச்செல்லாம் இல்லை.
பக்கத்தில் இருப்பேன், அவ்வளவுதான்.

ஜூலையில் மயெஸ்த்ராலே காற்று
மூன்றாம் நாளாக ஓயாமல் அடித்தபோது
வடமேற்குச் சரிவில் எழுந்தாய்.
யார் மூட்டியது என்று இன்றுவரை தெரியாது.
ஊரே சாலையில் நின்றது.
"பாயின்சு, உனக்குத் தெரியுமே,
எந்தப் பக்கம் திரும்பும்?"
கையில் ஈரச் சாக்கோடு நிறம் பார்த்தேன்.
பகல் வெளிச்சத்தில்
உனக்கு நிறமே இல்லை.
தெற்கே போகும் என்றேன்.

என் சொல்லை நம்பி
லரெந்து ஆடுகளைக் கிழக்குத் தொழுவத்தில் அடைத்தான்.
நீ ஓடைக்கரையோடு திரும்பி
கிழக்கே போனாய்.
விமானங்கள் ஏரித் தண்ணீரை அள்ளி வந்து கொட்டியபோது
நனைவதற்கு அங்கே எதுவுமில்லை.
நூற்றுப் பத்து ஆடு.
கழுத்து மணிகள் மட்டும் உருகாமல் கிடந்தன என்றார்கள்.
நான் போய்ப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் அவன் வந்தான்.
பேசாமல் பட்டடைமேல் வைத்தான்:
நான் செய்த மடக்குக் கத்தி.
குடிசை ஆணியில் தொங்கிய கோட்டுப் பைக்குள் இருந்ததாம்.
கொம்புப் பிடி போய்விட்டது.
பித்தளை வளையம் ஒரு சொட்டாகி
அலகோரம் ஒட்டியிருந்தது.
விரலால் வளைத்தேன்.
வளைந்தது.
விட்டேன்.
வளைந்தபடியே நின்றது.

எஃகு அரத்துக்கு வழிவிட வேண்டுமென்றால்
செந்நிறத்தில் எடுத்துச் சாம்பலில் புதைப்பேன்,
அவசரமில்லாமல் ஆறட்டும் என்று.
நீ அதைத்தான் செய்திருந்தாய்.
கூரை விழுந்து, சாம்பல் மூடி, மூன்று நாள்.
எங்கும் கோணல் இல்லை, கீறல் இல்லை.
என் கையாலேயே செய்ததுபோல் அத்தனை சுத்தம்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.
வெறியில் செய்தாய் என்றால்
மன்னித்திருப்பேன்.

"மறுபடி தோய்ச்சல் போட முடியுமா?"
முடியும் என்றேன்.
துருத்தியைத் தொட்டதும் அவன் வெளியே போய்விட்டான்.
சாலைப் பக்கம் முகம், நம் பக்கம் முதுகு.
சுளை நிறம் வந்தது. காந்தம் ஒட்ட மறுத்தது.
எண்ணெயில் இறக்கினேன்.
ஒருமுறை அலறி அடங்கியது.
புகை வாசலைத் தாண்டியபோது
அவன் குனிந்து வாந்தி எடுத்தான்.

தேய்த்துப் பளபளப்பாக்கி
பாஸ்காவின் ரொட்டி அடுப்பில்
வைக்கோல் நிறம் ஏறும்வரை வைத்தேன்.
பிடிக்கு அவன் கொண்டுவந்தது
அவன் கிடாவின் கொம்பு. ஒரு பக்கம் கருகியது.
கருகலைத் தேய்க்க அரத்தை எடுத்தேன்.
"வேண்டாம். அது இருக்கட்டும்."

கத்தியைச் சும்மா வாங்கினால் உறவு அறும் என்பார்கள் எங்களூரில்.
பைக்குள் துழாவி ஒரு காசு வைத்தான்.
என் பிழையைச் சொல்ல வாய் திறந்தேன்.
"காற்று மாறிவிட்டது" என்றான்.
படியிறங்கிப் போனான்.

அன்றிரவு கனலைப் போர்த்தவில்லை.
ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன்,
முதல் முறையாக.
உலைக்கல் ஒன்று இரண்டாக வெடித்தது.
நெடுநேரம் இருட்டில் நின்றிருந்தேன்.

காலையில் ஓசியேரியிலிருந்து ஒரு கசாப்புக்காரர்
எலும்பு வெட்டும் கத்தி கேட்டு வாசலில் நின்றார்.
தீக்குச்சி கிழித்தேன்.
சுள்ளியில் பற்றி, கரிக்குள் இறங்கி,
ஒன்றுமே நடக்காததுபோல்
வந்தாய்.